இடது முழங்கால்

எமெட் தார்ப்புக்கு யாரும் குழி பறிக்கவில்லை. அவனே பறித்துக்கொண்டான். அதுவும் சிரித்த முகத்தோடு, வந்த விருந்தாளிக்குக் கெளுத்தி மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துக்கொண்டே.

போன ஜூன் மாதம் நடந்தது அது. மிசிசிப்பியில் ஜூன் என்றால் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். பல்கலைக்கழக பேஸ்பால் அணியைப் பதினெட்டு வருடமாக மேய்த்துவரும் கோச் ரெயின்வாட்டர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த அறைச் சுவரில் ஒரு பைபிள் வசனம் இருக்கும். அதற்குக் கீழே 'குடும்பம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். வருடத்துக்குப் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்புகிற குடும்பம்.

"இந்த சனி ஞாயிறு அரிசோனாலேந்து ஒரு பையன் வர்றான். இருக்கற காலேஜை விட்டுட்டு நம்மகிட்ட வரலாமான்னு யோசிக்கிறான். நீதான் கூடவே இருந்து சுத்திக் காட்டணும்" என்றார் கோச்.

"எந்த இடத்துல ஆடறவன் கோச்?"

"முதல் பேஸ். அடிச்சா பந்து ஊரைத் தாண்டி விழும். உன்னை மாதிரி மனுஷங்ககிட்ட பழகத் தெரிஞ்சவன் இந்த டீம்ல வேற எவன்டா இருக்கான்?"

எமெட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிராமல் என்ன செய்யும்? அவன் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் வரும் பந்தை வாங்குகிறவன். வாங்குகிறவன் என்று பேருக்குத்தான். மூன்று வருடத்தில் அவன் ஆட்டத்தில் வாங்கியது மொத்தம் பதினோரு இன்னிங்ஸ். மற்ற நேரமெல்லாம் களத்தின் இடது ஓரத்தில், வீச்சாளர்கள் தோளைச் சூடேற்றிக்கொள்ளும் கம்பிவேலிக் கூண்டுக்குள்தான் பொழுது போனது. அவனுக்கு முன்னால் இருந்த கேட்சர் அந்த மே மாதம் படிப்பை முடித்துக்கொண்டு போயிருந்தான். அடுத்த வருடம் எமெட்டுக்குக் கடைசி வருடம். இடமும் காலி. கணக்குப் போட எந்தப் பேராசிரியரும் தேவையில்லை.

அரிசோனாக்காரன் பெயர் நிக்கோ பரஸா. அகலமான தோள், அதைவிட அகலமான சிரிப்பு. வெறுக்க நினைத்தால்கூட வெறுக்க முடியாத ஜாதி. எமெட் அவனை ஏரிக்கரைக் கடைக்குக் கூட்டிப்போய் மீன் வாங்கிக் கொடுத்தான், படகில் ஏற்றினான், இடது எல்லைக்குப் பின்னால் ஊர்ஜனம் ஆட்டத்தன்று அடுப்பு மூட்டிப் பன்றி விலா வாட்டும் மேட்டைக் காட்டினான். அறைத்தோழன் ஜூட் ஹாலிஃபீல்டையும் அறிமுகப்படுத்தினான். ஜூட் அணியின் முதல் வீச்சாளன். மூன்று வருடமாக இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே சோப்பு.

"இங்க ஆளுங்க எப்படி? உண்மையைச் சொல்லு" என்று நிக்கோ கேட்டான்.

"கண்ணை மூடிட்டு வா மாப்ள. இங்க உன்னை எவனும் ஏமாத்த மாட்டான்" என்றான் எமெட்.

ஞாயிறு சாயந்திரமே நிக்கோ வருவதாகச் சொல்லிவிட்டான். கோச் எமெட்டின் முதுகில் ஓங்கித் தட்டி, "இவனைக் கொண்டாந்தது நீதான்டா" என்றார். எமெட் அதைத் தன் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

ஆகஸ்ட் கடைசியில் முதல் பயிற்சி நாள். உடை மாற்றும் அறையில் நிக்கோ தன் பையைத் திறந்தான். உள்ளேயிருந்து முதலில் முழங்கால் கவசம் வந்தது. அடுத்து மார்புக் கவசம். கடைசியாகக் கேட்சர் போடும் முகக்கவசம், நெற்றியில் கள்ளிச்செடிப் படம் வரைந்தது. எமெட் தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னடா இது?"

"என்னடா என்னதுன்னா?" நிக்கோ நிஜமாகவே புரியாமல் பார்த்தான். "நான் கேட்சர்தானே. அங்க போன வருஷம் பூரா அதான். நடுவுல முட்டி வலிச்சப்ப ஒரு மாசம் முதல் பேஸ்ல நின்னேன், அவ்வளவுதான்... கோச் உங்கிட்ட சொல்லலையா?"

பக்கத்திலிருந்த ஜூட் மெல்ல, "அடப்பாவி" என்றான். கோச்சைத்தான் சொன்னான். ஆனால் எமெட்டுக்குத் தன்னைச் சொன்னது போலவே இருந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் சூனியக்காரனுக்கு மீனும் வாங்கிக் கொடுத்து, படகிலும் ஏற்றி, வழியனுப்பும்போது கட்டிப்பிடித்துவிட்டு வேறு வந்திருக்கிறான்.

கோச்சிடம் போய்க் கேட்டான். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. சூரியகாந்தி விதையின் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டுச் சொன்னார்: "முதல் பேஸும் ஆடுவான்னுதான் சொன்னேன். நான் என்ன பொய்யா சொன்னேன்? இடம் யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கல தம்பி. போட்டி போட்டு எடுத்துக்கோ."

"அவனை நான்தானே கோச் கூட்டிட்டு வந்தேன்."

"அதான் சொல்றேன். நல்ல வேலை பண்ணியிருக்க."

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லிவிட வேண்டும். எமெட்டின் மட்டை வெறும் விறகுக்கட்டை. பத்து முறை நின்றால் இரண்டு முறை பந்தில் படும். நிக்கோ அடித்தால் பந்து பன்றி விலா வாட்டுகிறவர்களின் அடுப்பில் போய் விழும். ஆனால் பந்தை வாங்குவதில் எமெட் வேறு ரகம். அவன் கையுறைக்குள் பந்து போய் உட்காருவது பூனை மடியில் ஏறுவது போல இருக்கும் என்று ஜூட் சொல்வான். ஜூட்டின் வளைபந்து கடைசி நொடியில் மண்ணில் குத்தி எங்கே தாவும் என்று அதை வீசுகிற ஜூட்டுக்கே தெரியாது, எமெட்டுக்குத் தெரியும். இது புள்ளிவிவரப் பட்டியலில் ஏறாத திறமை. பட்டியலில் ஏறாததைக் கோச்சுகள் கும்பிடுவார்கள், ஆடவிட மாட்டார்கள்.

பிப்ரவரியில் முதல் ஆட்டம். அணி உட்காரும் டகவுட்டின் சுவரில் ஒட்டிய தாளில் கேட்சர் என்ற இடத்துக்கு நேரே பரஸா என்று எழுதியிருந்தது. எமெட் கூண்டுக்குப் போனான்.

அவன் அப்பா லமார் தார்ப் கோழிப்பண்ணையிலிருந்து அறுக்கும் ஆலைக்குக் கோழிகளை ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமைதோறும் மதியமே வேலையை முடித்துக்கொண்டு, நான்கு மணிநேரம் காரில் வந்து சேருவார். சட்டையில் இறகு ஒன்றாவது ஒட்டியிருக்கும். எல்லாப் பெற்றோரும் மட்டைக்காரன் நிற்கும் பிளேட்டுக்குப் பின்னால் மெத்தை வைத்த இருக்கைகளில் உட்கார, இவர் மட்டும் இடது ஓரத்துக்குப் போய் கூண்டின் வேலியருகே நிற்பார். மகன் வேலை செய்யும் இடம் அதுதானே. ஒவ்வொரு வீச்சாளனுக்கும் நாற்பது பந்து. நாற்பதையும் பார்ப்பார். "நல்லா வாங்குனடா" என்பார். எமெட்டுக்கு அவர் வராமல் இருந்தால் தேவலை என்று தோன்றும். அப்படித் தோன்றியதற்காகவே அடுத்த பந்தை ஓங்கிப் பிடிப்பான்.

மார்ச் நடுவில் ஒருநாள் ஜூட் அறைக்கு வந்து தொப்பியைக் கட்டிலில் வீசினான்.

"கேட்டுப் பாத்துட்டேன்டா. நான் வீசற அன்னிக்காவது எமெட்டைப் போடுங்கன்னேன். உன் மட்டையைக் காரணம் சொல்றாரு. நான் எட்டு ஆட்டம் ஜெயிச்சாலும் என் பேச்சு எடுபடாது போல."

"விடுடா" என்றான் எமெட்.

"விட முடியாது மச்சான். நிக்கோ நல்லவன்தான், ஆனா என் வளைபந்துக்குப் பயப்படறான். நீ இருந்தா நான் கண்ணை மூடிட்டு வீசுவேன்."

அந்தப் பயத்தை எமெட் அதற்கு முந்தைய வாரமே கண்டுபிடித்திருந்தான். பயம் மட்டுமா? பயம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும்.

இப்போதெல்லாம் கேட்சர்கள் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித்தான் உட்காருகிறார்கள். நிக்கோ வலது முழங்காலை ஊன்றுவான். ஆனால் ஜூட் வீசும் நாளில், வளைபந்து வரப்போகிறது என்றால் மட்டும் கால் மாற்றி இடது முழங்காலை ஊன்றினான். பந்து மண்ணில் குத்தினால் உடம்பால் தடுக்க அதுதான் அவனுக்கு வசதி. வேகப்பந்து என்றால் வலது. வளைபந்து என்றால் இடது. பந்து ஜூட்டின் கையை விட்டுக் கிளம்பும் முன்பே. கூண்டிலிருந்து பார்த்தால் ஊர்க்கோயில் கோபுரம் மாதிரி தெரிந்தது. கூண்டிலிருந்து தெரிந்தால் மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் எதிரணிக் கோச்சுக்கும் தெரியும், அவர் பார்த்தால்.

யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எந்தப் பந்து என்பதை ரெயின்வாட்டர் டகவுட்டிலிருந்து பொத்தானை அழுத்திச் சொல்வார்; அது கேட்சரின் காதுக்குள் கேட்கும். விரல் சைகையும் இல்லை, அதைத் திருட வழியும் இல்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த வீடு.

சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும்: 'டேய் நிக்கோ, காலைப் பாரு.' அவ்வளவுதான். அன்றைக்கே சொல்லத்தான் போனான். நிக்கோவைச் சுற்றி நான்கு மைக் நின்றிருந்தது. அன்று அவன் இரண்டு முறை பந்தை வேலிக்கு வெளியே அனுப்பியிருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பினான். மறுநாள், இதைப் பார்ப்பது கோச்சின் வேலை, என் வேலையா என்று நினைத்தான். அதற்கு மறுநாள் வேறொன்று தோன்றியது. அதைத் தோன்றியது என்று சொல்வதுகூடப் பொய். ஆகஸ்டிலிருந்தே உள்ளே கிடந்தது, அன்று எழுந்து உட்கார்ந்தது. யாராவது ஒரு அணி கண்டுபிடிக்கட்டும். ஜூட்டை ஒரே ஒரு ஆட்டம் அடிக்கட்டும். அப்போது ரெயின்வாட்டருக்குத் தெரியும், மட்டை வேறு, கேட்சர் வேறு என்று.

ஒரே ஒரு ஆட்டம். ஜூட் தாங்குவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இப்படித்தான் ஆரம்பிக்கும் எல்லாம்.

ஏப்ரல் போயிற்று. மே வந்தது. ஜூட் பதினொன்று வென்று ஒன்றில் தோற்றான். வெயில் தொப்பி போட்ட தேர்வாளர்கள் கையில் வேகமானியோடு பிளேட்டுக்குப் பின்னால் வரிசையாக உட்கார ஆரம்பித்தார்கள். ஜூலையில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும்போது ஜூட்டின் பெயர் முதல் நாளே வாசிக்கப்படும் என்று பேச்சு. நிக்கோவின் கால் மாறிக்கொண்டே இருந்தது. எமெட் வாயில் கொழுக்கட்டையோடு பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு வாரமும் சொல்வது போன வாரத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. இப்போது சொன்னால், எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பார்களே.

ஜூன் முதல் வாரம் பிராந்தியச் சுற்று, சொந்தக் களத்தில். நான்கு அணி, இரண்டு தோற்றால் வெளியே. ஜெயிக்கிற ஒரு அணிக்கு, தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹா இன்னும் ஒரே படி. ஜூட்டின் விரலில் கொப்புளம் என்று கோச் அவனைக் கடைசிவரை பத்திரப்படுத்தினார். வெள்ளியும் சனியும் மற்றவர்களை வைத்தே ஜெயித்தார்கள். ஞாயிறு கான்சஸிலிருந்து வந்த அணியிடம் தோற்றார்கள். ஆக, திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்கு அதே கான்சஸ்காரர்களோடு கடைசி ஆட்டம். தோற்றவன் வீட்டுக்கு. கொப்புளம் ஆறியிருந்தது. ஜூட் வீசினான்.

லமார் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இந்த முறை யாரோ கொடுத்த டிக்கெட்டில் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கூண்டு சரியாகத் தெரியாது. ஆனாலும் அடிக்கடி அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தார்.

முதல் இரண்டு இன்னிங்ஸில் ஜூட்டைக் கான்சஸ்காரர்களால் தொடமுடியவில்லை. இவர்கள் இரண்டுக்குச் சுழியம் என்று முன்னால் இருந்தார்கள். மூன்றாவதில்தான் எமெட்டுக்குக் காதில் பட்டது. கான்சஸின் மூன்றாம் பேஸ் கோச், வெள்ளை மீசைக்காரர், தொப்பையில் கைகட்டி நின்றவர், மட்டைக்காரனுக்கு ஊக்கம் கொடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். எல்லாக் கோச்சும் கத்துவதுதான்.

"வா ட்ரூமன், வா ட்ரூமன்!" வேகப்பந்து வந்தது.

"வா பத்தொம்போது! பத்தொம்போது!" வளைபந்து வந்தது. ட்ரூமன் அதைத் தொடாமல் விட்டான். மண்ணில் விழுந்தது.

எமெட் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். நிக்கோ வலது முழங்காலை ஊன்றினான். "வா ட்ரூமன்!" என்றார் மீசை. வேகப்பந்து, ட்ரூமன் அதற்காகவே காத்திருந்தவன் போல நடுக்களத்துக்கு மேல் தூக்கி அடித்தான். அடுத்தவன் வந்தான். இடது முழங்கால். "வா முப்பத்தொண்ணு!" வளைபந்து. பெயர் சொன்னால் வேகம், சட்டை எண் சொன்னால் வளைவு. மறைவு ஒன்றுமில்லை. ஒன்பதாயிரம் பேர் கேட்க, ஊர் முழுக்கத் தெரியக் கூவிக்கொண்டிருந்தார் மனுஷன்.

டகவுட் களத்துக்கு அந்தப் பக்கம். அதனால் கூண்டின் தூணில் ஒரு போன் மாட்டியிருந்தது. எமெட் அதன்மேல் கை வைத்தான்.

"என்னடா, மணி அடிச்சுதா?" என்று பெஞ்சிலிருந்து கேட்டான் டாலிவர். அடுத்து வீசக் காத்திருந்தவன்.

"இல்ல."

"பின்ன ஏன் புடிச்சிட்டு நிக்கற?"

கையை எடுத்துவிட்டான். இன்னும் இரண்டு ரன் முன்னால்தானே இருக்கிறோம் என்று நினைத்தான். ஒரு அடி விழட்டும். ஒரே ஒரு அடி. அப்புறம் அடிக்கிறேன் போனை.

ஒரு அடி விழுந்தது. இரண்டு விழுந்தது. பேஸில் இரண்டு பேர் நிற்க, முப்பத்தொன்றாம் எண்காரன் வேகப்பந்தை வலது எல்லைக்கு வெளியே அனுப்பினான். மூன்றுக்கு இரண்டு. நான்காவதில் ஆறுக்கு இரண்டு. ஜூட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தன் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பந்து நன்றாகத்தான் போகிறது, பின்னே என்ன ஆயிற்று என்று கேட்பது போல. நான்கு வருடத்தில் ஜூட்டின் முகத்தை எமெட் அப்படிப் பார்த்ததில்லை. அப்போது போன் மணி அடித்தது.

ரெயின்வாட்டர். "டாலிவரைச் சூடேத்து. அப்புறம் எமெட், உன் கண்ணு நல்ல கண்ணு, கேக்கறேன் சொல்லு. எல்லாப் பந்தும் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி அடிக்கிறானுங்க. அங்கேந்து ஏதாவது தெரியுதா?"

கேட்டேவிட்டார். ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் அவனிடம் ஒரு விஷயம் கேட்டார். தெரியுது என்று ஒரு சொல் சொன்னால் ஜூட் பிழைப்பான். ஆறுக்கு இரண்டு ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை, இன்னும் ஐந்து இன்னிங்ஸ் பாக்கி இருந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிக்கோவும் பிழைப்பான். காலை மாற்றி ஊன்றிக்கொண்டு ஒமாஹாவரை அவனே போவான்.

"இல்ல கோச். ஒண்ணும் தெரியல" என்றான் எமெட்.

ஐந்தாவதில் ஒன்பதுக்கு இரண்டு ஆனபோது ரெயின்வாட்டர் மெதுவாக நடந்து வீச்சாளன் நிற்கும் மேட்டுக்குப் போனார். ஜூட் பந்தை அவர் கையில் கொடுத்தான். ஏதோ பேசினான், கோச் தலையைக் குனிந்து கேட்டார். பிளேட்டுக்குப் பின்னால் வெயில் தொப்பிக்காரர்கள் வேகமானிகளை உறையில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாருக்கு விமானம் எத்தனை மணிக்கோ.

ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கும் முன் போன் மறுபடி அடித்தது. "கவசத்தை மாட்டிட்டு வா" என்றார் கோச்.

வேலை பலித்துவிட்டது என்றுதான் எமெட் நினைத்தான். அப்படித்தான் நினைத்தான், ஒளிப்பானேன். இடது ஓரத்திலிருந்து பிளேட்டுவரை ஓடும்போது அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது சந்தோஷத்தில்தான். டகவுட் படியில் நிக்கோ முகக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது. "நல்லா ஆடு" என்றான், நிஜமாகவே. ஒலிபெருக்கியில் தார்ப் என்ற பெயர் வந்ததும் பிளேட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்டினார். அந்த ஆளின் சட்டையில் இன்றைக்கு இறகு இல்லை. புதுச் சட்டை.

மூன்று இன்னிங்ஸ் வாங்கினான். டாலிவர் வீசியதெல்லாம் பூனை மடியில் ஏறுவது போல வந்து உட்கார்ந்தது. அவன் எந்த முழங்காலையும் ஊன்றவில்லை, பழைய பாணியில் குந்தித்தான் உட்கார்ந்தான். மீசைக்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று இன்னிங்ஸில் கான்சஸ் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. எட்டாவதில் மட்டை பிடித்து ஒரு அடியும் அடித்தான், முதல் பேஸ்வரை போகிற சுத்தமான அடி, அதில் ஒரு ரன்னும் வந்தது. பாதி காலியான அரங்கம் இரக்கப்பட்டுக் கை தட்டியது. ஒன்பதுக்கு மூன்று. ஆட்டம் முடிந்தது, வருடம் முடிந்தது, கான்சஸ்காரர்கள் களத்தின் நடுவில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள்.

எல்லாரும் உடை மாற்றப் போனபிறகும் ஜூட் டகவுட்டிலேயே உட்கார்ந்திருந்தான். தோளிலிருந்து முழங்கைவரை ஐஸ் பையை வைத்துக் கட்டியிருந்தது. எமெட் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன சொல்வது என்று வரும் வழியெல்லாம் யோசித்திருந்தான். சரி, அடுத்த வருஷம் தொழில்முறையில வீசிக் காட்டு என்று ஏதோ ஒன்று.

ஜூட்தான் முதலில் பேசினான். "எப்படி இருந்துச்சு?"

"எது?"

"பின்னாடி உக்காந்தது. உங்கப்பா எந்திரிச்சுக் கை தட்டினாரே, பாத்தியா? நான் இங்கேந்து பாத்தேன்."

"பாத்தேன்" என்றான் எமெட். பிறகு அடக்க முடியாமல், "கோச்சுக்கு இப்பதான்டா புத்தி வந்திருக்கு" என்றான்.

ஜூட் தரையைப் பார்த்துச் சிரித்தான். "அவருக்கா? அவர் கடைசிவரைக்கும் நிக்கோவைத்தான் வெச்சிருப்பாரு. ஏழு ரன்னைத் திருப்ப மட்டை வேணும்ன்னாரு. அஞ்சாவதுல பந்தைக் கையில குடுக்கறப்ப நான்தான் கேட்டேன். எம்பேரு இன்னையோட போச்சு கோச், பரவால்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, எமெட்டை இறக்கி விடுங்க, நாலு வருஷமா அவன் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலன்னேன். முதல்ல முடியாதுன்னாரு. ஆறாவது முடியறவரைக்கும் பக்கத்துலயே நின்னு கெஞ்சினேன்டா."

எமெட்டுக்கு இப்போதுதான் புரிந்தது. தான் திருடியதாக நினைத்த இடம் திருடியது கிடையாது. பிச்சையாகப் போட்டது. போட்டவன் எவனோ கிடையாது, யார் தலையில் கல்லைப் போட்டானோ அவன்.

"ஏன்டா கேட்ட?" என்றான்.

"நீ கேக்க மாட்டியே" என்றான் ஜூட். "இந்தக் கட்டை அவிழ்த்து விடு. கை மரத்துப்போச்சு."

எமெட் அவிழ்த்தான். கட்டு நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. நான்கு சுற்றும் அவிழ்ந்துவிட்டது. சொல்லவில்லை. ஐஸ் உருகிய தண்ணீர் இரண்டு பேர் பூட்ஸ்மேலும் ஒழுகியது.

"அந்த வளைபந்து இன்னிக்கு நல்லாத்தான்டா வந்துச்சு" என்றான் ஜூட், கையை மடக்கி நீட்டிப் பார்த்தபடி. "சத்தியமா நல்லா வந்துச்சு. எனக்குப் புரியவே இல்ல மச்சான்."

வெளியே வேலிக்கு அந்தப் பக்கம் லமார் காத்திருந்தார். இரண்டு பேரும் வருவதைப் பார்த்ததும் முன்னால் வந்து முதலில் ஜூட்டைத்தான் கட்டிப்பிடித்தார். "ஒரு நாள் இப்படித்தான் போகும் தம்பி, மனசுல வெச்சுக்காத" என்றார். பிறகு மகனுடைய முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தார். கோழிக் கூண்டு தூக்கித் தூக்கித் தழும்பேறிய கை. வாராவாரம் நான்கு மணிநேரம் ஓட்டிவந்த கண், கலங்கியிருந்தது.

"காத்திருந்தது வீண் போகலடா. நேர்மையா நின்ன, கிடைச்சுது. இல்லையா?"

ஜூட் பக்கத்தில்தான் நின்றான். அவனும் எமெட்டைப் பார்த்துத் தலையசைத்தான்.

"ஆமாப்பா" என்றான் எமெட்.